கிளச் மிதியின் உயரம்

வஹகோட்டை
18.08.2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். கோழிகள் சுகம். கூரையில் ஒழுகும் ஓட்டையும் அதே இடத்தில் சுகமாக இருக்கிறது. உங்கள் சுகத்தை அந்தோனியாரிடம் ஒப்படைத்திருக்கிறேன்; செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலுக்குப் போய் ஞாபகப்படுத்திவிட்டு வருகிறேன்.

போனில் பேசினால் மூன்றாம் நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது; ஆகவே சாவு, காய்ச்சல் தவிர வேறெதற்கும் போன் இல்லை, மற்றதெல்லாம் கடுதாசிதான் என்று கட்டார் போகும்போது சட்டம் போட்டவர் நீங்கள். இதுவும் ஒரு சாவுதான், ஆனாலும் எழுதுகிறேன். நம் ஜீப்பின் கியர் பொக்ஸ் செத்துவிட்டது.

வாரம் ஒரு தடவை ஓடாவிட்டால் வண்டி பாழாகும் என்றீர்களே, அதற்காகப் போன ஞாயிறு தம்பி ரொஹான் அதை எடுத்தான். நானும் மிளகு மூட்டையோடு ஏறிக்கொண்டேன். நாலந்தா ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பின்பக்கமாக. கடைசியில் ட்ரக்டரில் கட்டி இழுத்துத்தான் இத்ரூஸ் நானாவின் கராஜில் விட்டோம். பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஜீப்தான் பிள்ளை என்று ஊரார் சொல்வார்கள். அதைக் கயிறு கட்டி இழுத்துப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

நானா கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். "தங்கச்சி, தானா கியர் மாறுற இந்த ஒட்டோ பெட்டி மௌத்தாப் போச்சு. வேற ஒட்டோ தேடுறதா, இல்லாட்டி கையால போடுற கியர வெக்கிறதா? மாப்புளட்ட கேட்டு சொல்லுங்க."

கேட்டுவிட்டேன். சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். கொட்டகையில் ஜீப்பும் இல்லை, வீட்டில் நீங்களும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெறுமையாக இருக்கிறது.

உங்கள்
கெத்தரின்


தோஹா
09.09.2024

அன்புள்ள கெத்தரினுக்கு,

நான் நலம். வெயில்தான் இன்னும் குறைந்தபாடில்லை. நீயும் ரொஹானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் அறையில் கூட இருக்கும் மாத்தளைப் பஸ்லி உனக்குச் சலாம் சொல்லச் சொன்னான்.

உன் கடுதாசியைப் படித்து நான் துள்ளியதைப் பார்த்து, ஊரில் பிள்ளை பிறந்திருக்கிறதா என்று அவன் கேட்டான். ஒட்டோ செத்தது நல்லதுக்குத்தான். வேறு யோசனையே வேண்டாம். கையால் போடும் கியரை வைக்கச் சொல்.

எனக்கு ஒட்டோ ஏன் பிடிக்காதென்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. கல்யாணமான வருடம் தோட்டத்து மிளகு லொறியில் போவோமே, நினைவிருக்கிறதா? நடு சீட்டில் நீ. கியர் தடி உன் முழங்காலில் இடிக்கிறதென்று கத்தினாய். "அப்ப நீயே போடு"ன்னு தடியை உன் கையில் விட்டேன். நான் கிளச்சை மிதித்து "இப்ப" என்பேன், நீ தள்ளுவாய். ஒரு தடவை மூன்றுக்குப் பதிலாக ஒன்றைப் போட்டு லொறியை அழவைத்தாய். நாலு வருடம் அந்த லொறிக்குக் கால் நான், கை நீ. இந்த ஜீப்பை வாங்கின பிறகு உன் கைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நானாவிடம் சொல்: கியர் பொக்ஸை மட்டும் வாங்கினால் போதாது. அதே வண்டியின் பிளைவீல், கிளச் தட்டு, கிளச் மிதி, நாலு சில்லும் சுற்ற எஞ்சினின் பெலனைப் பிரித்துக் கொடுக்கும் பின்பெட்டி எல்லாம் சேர்ந்து வர வேண்டும். எஞ்சின் தண்டின் வாலில் ஒரு சின்ன பெயாரிங் இருக்கும். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

அப்புறம், கிளச் மிதியை என் காலுக்கு அளவாக வைக்க வேண்டும். அலுமாரியில் என் கால் நீளத்துக்குத் தைத்த நீலக் களுசான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடு.

மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. அந்தோனியார் திருநாளுக்கு அந்த ஜீப்பில்தான் போவோம்.

ஒஸ்வல்ட்


வஹகோட்டை
04.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம், இடுப்பைத் தவிர. காரணம் நீங்கள்தான்.

நம் ஜீப்பைப் போலவே ஒன்று வில்கமுவவில் கிடக்கிறதென்று நானாவுக்குத் தகவல் வந்தது. நானாவும் ரொஹானும் நானும் இரண்டு பஸ் மாறிப் போனோம். இரண்டாவது பஸ் வரும் வரும் என்று இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தோம். வண்டி நிற்பது ஒரு வயல்காரரின் வளவில். அவரில்லை; அவருடைய நோனாதான் இருந்தார். ஜீப்பின் முன்பக்கம் அப்பளமாகக் கிடந்தது. போன அறுவடைக்கு யானை வந்து முட்டியதாம். நோனா சிங்களத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: எஞ்சினை மிதித்ததாம், கதவைப் பிய்த்ததாம், ஆனால் கியர் பொக்ஸை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டதாம். யானை வேண்டாமென்றதைத்தான் உங்கள் பெண்சாதி வாங்கி வந்திருக்கிறாள்.

கழற்ற ஒரு முழுப் பகல் பிடித்தது. ட்ரக்டரில் ஏற்றி, லொறிக்கு மாற்றி, அந்தப் பாரத்தை நாலந்தாவில் இறக்கும்போது நானும் ஒரு கை பிடித்தேன். அதுதான் இடுப்பு. சின்ன பெயாரிங்கை மறக்காதீர்கள் என்று நானாவிடம் சொன்னேன். "தங்கச்சி, நீங்க எப்ப மெக்கானிக்கானீங்க?" என்றார்.

லொறியை நான் மறக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்வதை நீங்கள் கவனிப்பீர்கள் என்றுதான் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முன்னமே உங்கள் பக்கம் திரும்பியிருப்பேன்.

கெத்தரின்


தோஹா
26.10.2024

அன்புள்ள கெத்தரினுக்கு,

நலம். உன் இடுப்புக்கு நல்லெண்ணெய் தடவு. பாரம் தூக்காதே, சொன்னால் கேள்.

யானைக் கதையை இங்கே முழு முகாமுக்கும் சொல்லிவிட்டேன். இப்போது என்னை எல்லோரும் யானை ஜீப் ஒஸ்வல்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. ஒட்டோ வண்டியின் பிரேக் மிதி அகலமானது. அதை வெட்டிக் குறுக்காவிட்டால் கிளச்சை மிதிக்கும் கால் அதில் போய் இடிக்கும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் எழுது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு இடது காலால் தரையை மிதித்து மிதித்துப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவன் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறான்.

ஏழு மாதம்தான்.

ஒஸ்வல்ட்


வஹகோட்டை
21.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். இங்கே ஓயாத மழை. நீங்கள் சுகமா?

பிரேக் மிதியை வெட்டியாயிற்று. தடி வெளியே வருவதற்குத் தரைத் தகட்டில் ஓட்டை போட்டாயிற்று. பிளைவீலும் கிளச் தட்டும் ஏறிவிட்டன. பின்னால் போகும் தண்டு கொஞ்சம் நீளமாக இருந்தது. அதை மாத்தளையில் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் களுசானில் நானா வைக்கோல் திணித்து, அதை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்து மிதியின் உயரத்தைப் பார்த்தார். கராஜுக்கு வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உங்கள் இடத்தில் உங்கள் கால் இருப்பதைப் பார்த்ததும் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மழையென்றும் பாராமல் பஸ் ஏறிவிட்டேன்.

கெத்தரின்


வஹகோட்டை
23.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நத்தார் வாழ்த்துகள், பாலன் இயேசு உங்களைக் காக்கட்டும். நீங்கள் சுகமா? இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை. எட்டுக் கிழமையாக, இரண்டு மாதமாக, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சட்டத்தை மீறி இரண்டு தடவை போன் அடித்தேன். பஸ்லி எடுத்து, "ஒஸ்வல்ட் அண்ணன் டியூட்டில" என்று அவசரமாக வைத்துவிட்டார். டியூட்டிக்குப் போகிறவர் போனை அறையிலா வைத்துவிட்டுப் போவார்?

ஜீப் முடிந்துவிட்டது. முதல் நாள் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. நானா இரண்டு நாள் தலையைச் சொறிந்தார். ஒட்டோ கியர் பார்க்கிங்கில் நின்றால்தான் எஞ்சின் எழும்புமாம். பழைய பெட்டியைக் கழற்றியது தெரியாமல் வயர் இன்னும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு வயரைச் சேர்த்து முடிந்ததும் உறுமியது.

இல்லாததைத் தேடிக்கொண்டு அசையாமல் கிடப்பது என்னவென்று எனக்கும் தெரியும், அத்தான். ஒரு வரி எழுதுங்கள்.

கெத்தரின்


தோஹா
08.01.2025

அன்புள்ள கெத்தரினுக்கு,

நலம். நான் மிகவும் நலம். வேலை அதிகம் என்பதால் எழுத முடியவில்லை, வேறொன்றுமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பேனை சரியில்லை என்று எடுத்துக்கொள்.

ஜீப் விஷயம். நான் யோசித்துப் பார்த்தேன். ஒட்டோ கியரே நல்லது. நானாவிடம் சொல்லி வேறு ஒட்டோ பெட்டி தேடி அதையே மறுபடியும் வைக்கச் சொல். கிளச் மிதி வேண்டாம். காரணம் கேட்காதே, காலத்துக்கு ஏற்றது ஒட்டோதான்.

மே மாதம் வர முடியுமா என்று தெரியவில்லை. இன்னொரு வருடம் இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

றோட்டிலிருந்து நம் வீட்டுக்கு எத்தனை படி? இங்கே ஒருவனோடு பேச்சு வந்தது, அதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒஸ்வல்ட்


வஹகோட்டை
02.02.2025

ஒஸ்வல்ட் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

வில்கமுவ வரை என்னை அலையவிட்டு, யானை மிச்சம் வைத்ததைச் சுமக்க வைத்து, தரையில் ஓட்டை போட வைத்து, உங்கள் களுசானுக்கு வைக்கோல் திணித்து ஊர் சிரிக்க வைத்துவிட்டு, எல்லாம் முடிந்து ஓடுகிற வண்டியைப் பார்த்து ஒட்டோ நல்லது என்கிறீர்களா? தாலி கட்டியான பிறகு பெண்ணை மாற்று என்கிற கதையாக இருக்கிறது. பதினேழு படி. உங்கள் சொந்த வீட்டுப் படியை எண்ணிச் சொல்ல நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் மட்டும் இன்னொரு வருடம் அங்கே.

இவ்வளவையும் எழுதிக் கையோடு எடுத்துக்கொண்டு, தபாலில் போடுமுன் கராஜுக்குப் போனேன். உங்கள் கடுதாசியை நானாவுக்கு வாசித்துக் காட்டி, "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். அவருக்கும் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, மாப்புளட எடது காலுக்கு என்ன?"

"ஏன் நானா? ஒண்ணுமில்லையே."

"கியர் போடுறதுல ஆச உள்ள மனுசன் ஒட்டோ கேக்க மாட்டான். ஒட்டோவுக்கு எடது கால் தேவையில்ல. அதான் கேக்குறன்."

அதற்குப் பிறகு நான் கடுதாசியை மறுபடியும் வாசித்தேன். கோணல் எழுத்து. இரண்டு தடவை நலம். பதினேழு படி.

மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. மேலே எழுதியதை நான் வெட்டவில்லை; என் கோபத்தையும் பாருங்கள். ஆனால் எனக்கு ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். உங்கள் இடது கால் எப்படி இருக்கிறது?

கெத்தரின்


தோஹா
10.03.2025

அன்புள்ள கெத்தரினுக்கு,

நலமில்லை.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு நாலு மாதம் பிடித்திருக்கிறது. நவம்பர் ஆறாம் திகதி லொறியிலிருந்து இறக்கிய இரும்புக் குழாய்க் கட்டு சரிந்து என் மேல் விழுந்தது. இரண்டு தடவை வெட்டிக் கம்பி வைத்தார்கள். கால் இருக்கிறது. முழங்கால் மடங்காது, இனியும் மடங்காதாம். கட்டிலில் மல்லாந்து கிடந்துதான் போன கடுதாசியை எழுதினேன். பஸ்லிதான் என்னைக் குளிப்பாட்டினான், ஊட்டினான். உன்னிடம் சொல்ல வேண்டாமென்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அவனைத் திட்டாதே.

இப்போது தடியூன்றி நடக்கிறேன். ஊருக்குப் போகலாம் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். டிக்கட்டை இரண்டு தடவை பின்னால் தள்ளிப் போட்டது நான்தான்.

என்னால் அந்தப் படியில் ஏற முடியாதென்பதல்ல காரணம். நீ கட்டிக்கொண்டது வண்டி ஓட்டுகிறவனை. பதினெட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். திருநாளுக்கு வரும் சனம் தேரைப் பார்க்குமா, என் காலைப் பார்க்குமா? உன் கடுதாசிகளில் அந்த மிதி ஒவ்வொரு அங்குலமாக என் காலுக்குச் சரியாகி வந்தது. இங்கே என் கால் அந்த மிதிக்கு இல்லாமல் போய்விட்டது. நவம்பர்க் கடுதாசியை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் படித்தேன். அந்த வைக்கோல் கால் என்னுடையதை விட நல்ல கால்.

ஜீப்பை விற்றுவிடு. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் நீ என்னைப் பார்க்க வேண்டாம்.

ஒஸ்வல்ட்


வஹகோட்டை
12.05.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் எனக்குத் தெரியும். ஞாயிறு தோறும் பஸ்லியிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவை சத்தியம் வாங்கியது நான்.

உங்கள் கடுதாசி வந்த அன்று போன் அடித்தேனே, நீங்களும் எடுத்தீர்களே. முதல் நிமிடம் நான் அழுதேன், இரண்டாம் நிமிடம் நீங்கள் அழுதீர்கள், மூன்றாம் நிமிடம் வரமாட்டேன் என்று சண்டை பிடித்து வைத்துவிட்டீர்கள். ஆக, சட்டம் சரியான சட்டம்தான்.

பிறகு இரண்டு மாதம் நான் எழுதவில்லை. பழிக்குப் பழி என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் உண்மையான காரணம், கையில் லைசன்ஸ் வராமல் எழுதக் கூடாதென்று இருந்தேன். போன கிழமை மாத்தளையில் ட்ரயல் பாஸ் பண்ணினேன். நம்பாவிட்டால் நானாவைக் கேளுங்கள். பிப்ரவரியிலேயே, உங்கள் பதில் வருமுன்பே, எல் போர்ட் கட்டிவிட்டேன். எந்தப் பதில் வந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான்தான் வரவேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜீப்பை விற்கமாட்டேன். அது யானைக்கே தப்பியது. ஆனால் மூன்று மாற்றம் செய்திருக்கிறேன். கேட்காமல் செய்ததற்குக் கோபிக்க வேண்டாம்.

கிளச் மிதியை என் காலுக்கு இறக்கிவிட்டேன். நானா அளவெடுக்க நான் சீட்டில் ஏறியபோது, உங்கள் அளவில் இருந்த மிதியைக் கடைசியாக ஒரு தரம் எட்டி எட்டி மிதித்துப் பார்த்தேன். பிறகுதான் மாற்றச் சொன்னேன். இடது பக்க முன் சீட்டின் தண்டவாளத்தை ஒரு சாண் பின்னால் தள்ளிப் பூட்டியாயிற்று. மடங்காத காலை நீட்டி உட்காரலாம். பதினேழு படிக்கும் ரொஹான் இரும்புக் கைப்பிடி போட்டிருக்கிறான். ஒன்பதாவது படியில் உட்கார ஒரு பலகையும் உண்டு.

இனி என் குறை. கால் எனக்குப் பழகிவிட்டது, கை பழகவில்லை. அந்த லொறியில் நடுவில் உட்கார்ந்து வலது கையால் போட்டுப் பழகியவள் நான். ஓட்டுகிற சீட்டில் இடது கையால் போட வேண்டியிருக்கிறது. கிளச்சை மிதித்ததும் என் வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தடியைத் தேடி ஓடுகிறது. "தங்கச்சி, அந்தக் கைய எடுத்தா ரெண்டு பேரும் பள்ளத்துல!" என்று நானா கத்துகிறார். ட்ரயலுக்கு எப்படியோ சமாளித்துவிட்டேன். ஆனால் ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது இன்னும் தடுமாறுகிறேன். இது பொய் இல்லை. நானாவுக்கும் பயம்தான்.

தடி இரண்டு சீட்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளின் வலது கைக்கு நேரே. அந்தக் கைக்கு என்ன வேலை, சொல்லுங்கள்?

நான் கட்டிக்கொண்டது வண்டி ஓட்டுகிறவனை இல்லை. தடியை என் கையில் விட்டவனை. எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும். சனம் எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

வாங்க.

கெத்தரின்


தோஹா
02.06.2025

அன்புள்ள கெத்தரினுக்கு,

நலம் என்று இனிச் சும்மா எழுத மாட்டேன். இடது முழங்கால் மடங்காது. குளிரூட்டிக் காற்று பட்டால் குத்துகிறது. வலது கால் சுகம். வலது கை நல்ல சுகம்.

இந்தக் கடுதாசியை ஹஜ் பெருநாளுக்கு ஊருக்கு வரும் பஸ்லியிடம் கொடுத்துவிடுகிறேன். நான் பத்தாம் திகதி காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்குகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. கோயிலுக்கு முந்தின நாளே போய்விட்டு வா. சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாசலில் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். அழாதே. நானும் அழாமல் பார்க்கிறேன். முடியாவிட்டால் இரண்டு பேரும் அழுது முடித்துவிட்டு வண்டியை எடுப்போம். கண் கலங்கியிருக்கும்போது ஓட்டக் கூடாது.

விமான நிலையத்திலிருந்து வஹகோட்டை வரை எத்தனை தரம் கியர் மாற்ற வேண்டும் என்று கட்டிலில் படுத்தபடி சந்தி சந்தியாக எண்ணினேன். இருநூற்றுக்கு மேல் வருகிறது. நீ காலைப் பார்த்துக்கொள். ஒவ்வொரு தரமும் மிதித்துவிட்டு "இப்ப"ன்னு சொல்லு. நான் போடுகிறேன்.

உன்
ஒஸ்வல்ட்